தாழியில் கரைந்த அறுபத்தைந்து வோல்ட்

“தம்பி, என்னமோ தீயற நாத்தமடிக்குது. அடுப்புல நான் இன்னும் ஒண்ணும் வெக்கலையே” என்றாள் பாவாயி அக்கா.

சினிமாக் கொட்டாய்க்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி வைத்த அடுப்பருகே குந்தியிருந்தவள், மூக்கைச் சுருக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். நான் மெஷின் அறைக்குள் கரிக்குச்சிகளைப் பொருத்தி, வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பளீரென்று எரிந்த வெளிச்சம் ஒரு சொடுக்குச் சொடுக்கிவிட்டு அணைந்தது. அதற்குப் பிறகுதான் நாற்றம் எனக்கும் எட்டியது. ஈரச் சாக்கும் இரும்பும் சேர்ந்து கருகுகிற நாற்றம்.

இது ஜலகண்டாபுரத்தில், உலகச் சண்டைக் காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் நடந்தது. அன்று சாயங்காலம் அந்த ஊரில் எங்கள் டூரிங் டாக்கீஸின் முதல் ஆட்டம். தறிக்காரத் தெருக்களில் எல்லாம் தமுக்கடித்துச் சொல்லியாகிவிட்டது.

கொட்டாய் என் கூடப்பிறந்த பாவாயி அக்காவின் வீட்டுக்காரருடையது. செங்கோடன் என்று பெயர், எனக்கு மச்சான். நான் மெஷின் ஓட்டுகிறவன். டிக்கெட் கொடுப்பது அக்கா. வேலைக்கு ஆள் வைத்துக்கொள்கிற அளவுக்கு நாங்கள் பெரிய கம்பெனி அல்ல.

தனி அடுப்பு

கொட்டாய்க் கதையைச் சொல்லுமுன் அக்கா கதையைச் சொல்லியாக வேண்டும்.

அவளை வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு பெரிய குடும்பத்தில் கட்டிக் கொடுத்தோம். காடு கரை உண்டு, மாடு கன்று உண்டு, மச்சானுக்கு அண்ணன்மார் மூன்று பேர். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அந்த அடுப்பு மூத்த ஓரகத்தியுடையது. ஆட்டுவதும் அரைப்பதும் அக்கா வேலை. உப்பு, புளி எடுக்க மட்டும் அவளுக்குக் கை கிடையாது. மூத்தவள் அள்ளிக் கொடுத்தால்தான் உண்டு. ஒருநாள் குழம்பில் உப்புக் குறைந்ததென்று சாடியைத் திறந்த அக்காவின் கையை, வந்திருந்த விருந்தாளிகள் எதிரிலேயே தட்டிவிட்டாளாம்.

அக்கா இதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. “எனக்குன்னு ஒரு அடுப்பு வெச்சுக்கோணும் தம்பி. அது மரத்தடியில இருந்தாலும் சரி” என்றாள். சொன்னதைச் செய்கிற சாதி அவள். மச்சானுக்குப் படம் என்றால் பைத்தியம். அக்காவுக்கு அடுப்புப் பைத்தியம். இரண்டு பைத்தியமும் சேர்ந்து, தொழிலை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து பழைய கொட்டாய்ச் சாமான்களை எடுத்துக்கொண்டன. புறப்படும்போது அவள் செய்த முதல் காரியம், சந்தையில் ஒரு பீங்கான் சாடி வாங்கி, அதில் உப்பை நிரப்பித் தன் மடியில் வைத்துக்கொண்டு வண்டியேறியதுதான்.

மச்சானின் மூத்த அண்ணன் வாசலில் நின்று சொன்னார்: “போயிட்டு வாங்க. கொட்டாய் படுத்துப்போச்சுன்னா இந்த ஊடுதான் இருக்குதே. உங்க பங்கு எங்கயும் போயிராது. ஆனா வந்தா பழையபடி எல்லாருங்கூட ஒண்ணாத்தான் இருக்கோணும்.”

கேட்கிறவர்களுக்கு அது நல்ல பேச்சு. அக்காவுக்கு மட்டும் அது எதைச் சொல்கிறது என்று தெரியும்.

சங்ககிரியில் போட்ட கொட்டாய் மழையில் அடிபட்டது. அங்கிருந்து வந்துதான் ஜலகண்டாபுரத்தில் மூங்கில் நட்டோம். இங்கே நிற்காவிட்டால் திரும்ப வெண்ணந்தூர்தான் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

ஈரச் சாக்கு

அந்த நாளில் சினிமா மெஷினில் பல்பு கிடையாது. பென்சில் பருமனில் இரண்டு கரிக்குச்சிகள். அவற்றை ஒன்றோடொன்று தொடவிட்டுக் கொஞ்சம் விலக்கினால் நடுவில் கண்ணைக் கூசும் வெளிச்சம் பிடித்துக்கொள்ளும். அதைத்தான் படச்சுருள் வழியாகத் திரையில் அடிப்போம். மின்சாரம் எங்கள் எண்ணெய் எஞ்சினோடு கட்டிய டைனமோவிலிருந்து வரும்.

டைனமோ கொடுப்பது நூற்றுப்பத்து வோல்ட். கரிக்குச்சி வெளிச்சத்துக்கு வேண்டியது நாற்பத்தைந்து. மிச்சத்தை வழியிலேயே யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவும் குச்சியில் பாய்ந்து டைனமோவையே தீய்த்துவிடும். அதற்காகவே கம்பிச்சுருள் அடுக்கிய ஓர் இரும்புப் பெட்டி உண்டு. அதை ‘ரெசிஸ்டன்ஸ்’ என்போம். மிச்ச வோல்ட்டைத் தின்றுவிட்டுச் சூடாக உட்கார்ந்திருப்பது அதன் வேலை.

அந்தச் சூடுதான் ஊருக்குப் பயம். வேறொரு ஊரில் கொட்டாய் ஒன்று தீப்பிடித்த சேதி எல்லாருக்கும் எட்டியிருந்தது. சுற்றிலும் நூலும் துணியும் காய்கிற ஊர். அன்று காலை நான் வெளிச்சம் பிடித்துப் பார்த்தபோது ஊர்ப் பெரியதனக்காரர், பழுத்த நெசவாளி, கொட்டாய்க்குள் வந்து அந்தப் பெட்டியைப் பார்த்தார். மேலே கீற்றைப் பார்த்தார்.

“இதென்னங்க, அடுப்பாட்டம் அனலடிக்குது?” என்றார்.

“அது அப்படித்தானுங்க” என்றார் மச்சான்.

“அப்படித்தான்னு சொன்னா எப்படிங்க. ஈரச் சாக்கப் போட்டு மூடி வெய்யுங்க. நான் வெளக்கு வெக்கற நேரத்துக்கு வாரேன். ஆட்டம் ஒழுங்கா நடந்துதுன்னா வேணுங்கற மட்டும் இருங்க. எதாச்சும் ஏறுமாறா ஆச்சுன்னா காலைல வண்டி கட்டிக்குங்க.”

மச்சான் மரியாதைக்காரர். பெரியவர் சொன்னாரென்று நல்ல ஈரச் சாக்காகப் பார்த்து நாலு மடிப்பாக மடித்துப் பெட்டியின் தலையில் போர்த்திவிட்டார். நான் உள்ளே வெளிச்சம் பிடித்ததும் பெட்டி சூடேறியது. காற்றுப் போக வழியில்லை. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டி, சிவந்திருந்த சுருள் மேல் விழுந்தது. அதோடு சுருள் பல இடத்தில் அறுந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. தீப்பிடிக்கக்கூடாதென்று செய்த வைத்தியம் பெட்டியையே கொன்றுவிட்டது.

அந்தக் கம்பி சென்னையிலேயே கிடைக்காத காலம். சண்டைக்குப் போய்விட்டது எல்லாம்.

மச்சான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இன்னும் பொழுது இருக்குது. என்ன பண்றதுன்னு சொல்லு” என்றாள்.

மூணேகால்

மெஷின் ஓட்ட வருமுன் நான் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பஞ்சு அரவை ஆலையில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தேன். மின்சாரக் கணக்கு அங்கே வந்தது. பெரிய கணக்கெல்லாம் இல்லை. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் சக்தி. ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல். பள்ளிக்கூடத்தில் கணக்கென்றால் எனக்கு ஆகாது. ஆனால் முள் ஆடுகிற மீட்டர் ஒன்று முன்னால் இருந்துவிட்டால் கணக்கு எனக்குப் பிடித்துப்போகும். போட்ட விடை சரியா தப்பா என்று அந்த முள்ளே சொல்லிவிடும், வாத்தியார் தேவையில்லை.

சுண்ணாம்புக் கட்டியை எடுத்து எஞ்சினின் கறுப்பு உடம்பிலேயே எழுதினேன். நூற்றுப்பத்தில் நாற்பத்தைந்து போனால் அறுபத்தைந்து. குச்சிக்கு வேண்டிய ஓட்டம் இருபது ஆம்பியர். அறுபத்தைந்தை இருபதால் வகுத்தால் மூணேகால்.

மச்சான் துண்டை விலக்கிப் பார்த்தார். “மூணேகால்னா என்னங்க மாப்ளே, படியா, ஆழாக்கா?”

“மூணேகால் ‘ஓம்’முங்க மச்சான். தடைக்கு அதுதான் அளவு. வாய்க்கால்ல தண்ணி முழுசாப் பாயாம ஒரு பலகையச் செருகி மட்டுப்படுத்தறோமில்லீங்க? அந்தப் பலகை எத்தன உசரம்னு சொல்றாப்பல.”

“அப்பப் பெட்டி இல்லாட்டிப் போகுது. மூணேகால் தடை இருந்தாச் செரி.”

“செரிங்க. எதுல இருந்தாலும் செரி.”

சொல்லி முடித்தபோதுதான் எனக்கே அது விளங்கியது. தேட வேண்டியது பெட்டியை அல்ல, மூணேகாலை.

அடுத்து பெருக்கிப் பார்த்தேன். அறுபத்தைந்தை இருபதால் பெருக்கினால் ஆயிரத்து முன்னூறு வாட். அவ்வளவும் சூடாக வெளியே வரும். குச்சியில் வெளிச்சத்துக்குப் போவது தொள்ளாயிரம்தான். படம் காட்டச் செலவாவதைவிட வீணாகப் போவது அதிகம் என்று அன்றைக்குத்தான் எழுத்தில் பார்த்தேன். வயிற்றெரிச்சலாக இருந்தது. பெரியவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது.

சிவந்த கம்பி

முதலில் கையில் கிடைத்தது மூங்கில் கட்டுகிற இரும்புக் கம்பி. அதைக் கொட்டாய்க்கு வெளியே கல் தூண்களுக்கு நடுவே இழுத்துக் கட்டி, முள் இருபதைத் தொடுகிற நீளத்துக்குக் கூட்டிக் குறைத்தேன். வெளிச்சம் பிடித்தது. மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நாலு பீடி குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. கம்பி சூடேறிச் சிவந்தது. முள் இருபதிலிருந்து இறங்கி, பதினைந்தைத் தாண்டி, பன்னிரண்டுக்கு வந்தது. திரையில் வெளிச்சம் மஞ்சளடித்தது. பிறகு அணைந்தது.

மறுபடி வகுத்தேன். அறுபத்தைந்தைப் பன்னிரண்டால் வகுத்தால் ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு. மூணேகாலாக இருந்த கம்பி சூட்டில் ஐந்தரையாகிவிட்டது. இரும்பின் குணம் அது. கணக்கு தப்பவில்லை, கம்பிதான் நடுவில் மாறிக்கொண்டது. நீளத்தைக் குறைத்தால் இன்னும் சூடேறி உருகும். அதோடு, பழுக்கச் சிவந்த கம்பியைக் கீற்றுக் கொட்டாய்க்குப் பக்கத்தில் கட்டி வைத்துப் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டவா முடியும்?

அக்கா குடத்தோடு வந்து அந்தக் கம்பி மேல் தண்ணீர் ஊற்றினாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. “இந்தச் சூட்டத் தண்ணிதான் அடக்குது பாரு” என்றாள்.

எனக்கு ஆலை ஞாபகம் வந்தது. புது டைனமோ வந்தால் அதற்கு வேலை கொடுத்துப் பார்க்க, ஒரு தொட்டித் தண்ணீரில் உப்பைக் கரைத்து, இரண்டு தகடுகளை இறக்கி, அதன் வழியாக மின்சாரத்தை ஓடவிடுவார்கள். உப்பைக் கூட்டினால் தடை குறையும். தகடுகளை விலக்கினால் தடை கூடும். சூடெல்லாம் தண்ணீரோடு போய்விடும். தீப்பிடிக்கும் என்ற பேச்சே இல்லை.

தகட்டுக்குப் பஞ்சமில்லை. இரண்டு மண்வெட்டிகள் இருந்தன. காம்பைத் தொட்டியின் விளிம்பில் குறுக்கே போட்டால் இரும்பு இலை நேராகத் தண்ணீருக்குள் தொங்கும். மரக்காம்பு, ஆகவே கை வைத்து நகர்த்தலாம்.

தொட்டிதான் வேண்டும். மச்சான் ஓட்டமாக ஓடிக் கல்யாண வீட்டுப் பித்தளை அண்டா ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பித்தளை வழியாக மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடும், மண்ணோ மரமோதான் ஆகும் என்றேன். அவர் வண்டியைத் திருப்பினார். அந்த அண்டாவை ஏற்றவும் இறக்கவும் அவர் பட்ட பாடு, பாவம்.

விளக்கு வைத்த பிறகு

சாயப்பட்டறை ராசம்மாவிடம் ஒரு பழைய சாயத் தாழி சும்மா கிடந்தது. நூல் முக்குகிற மண் தாழி, இடுப்பளவு உயரம். ராசம்மா லேசில் எதையும் கொடுக்கிறவள் அல்ல. அக்கா நேரில் போய்க் கேட்டாள்.

“தாழி தாரேன். ஆனா ஒரு பேச்சு. போன கொட்டாய்க்காரன் பொம்பளைங்கள எஞ்சின் பக்கமாவே உக்கார வெச்சான். படத்துல என்ன பேசறாங்கன்னு ஒண்ணுங் கேக்கல. எங்கள அக்கட்டால மாத்தோணும்.”

“இப்பவே மாத்தறனுங்க” என்று அக்கா வந்து, தடுப்புத் தட்டியை அவிழ்த்து மறுபக்கம் கட்டினாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த ஆம்பிளைகள் முனகினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வைக்கோல் பரப்பிய வண்டியில் தாழி வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கூடவே ராசம்மாவும் வந்தாள், தன் தாழியை இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க. மெஷின் அறையை ஒட்டி, எஞ்சின் பக்கம் வெட்டவெளியில் தாழியை இறக்கித் தண்ணீர் நிரப்பினோம். மண்வெட்டிகளைத் தொங்கவிட்டுக் கம்பியைக் கட்டினேன். வெறும் தண்ணீரில் முள் அசையவே இல்லை.

“உப்பு வேணுமுங்க அக்கா. ரெண்டு படியாச்சும்.”

அக்கா முறத்தை எடுத்துக்கொண்டு போனாள். தெருவில் அதற்குள் மாடங்களில் விளக்கேற்றியிருந்தார்கள். கடைக்காரர் உப்பு மூட்டையின் வாயை மடித்து மேலே கல்லை வைத்துவிட்டார். விளக்கு வைத்தபின் உப்பு கொடுத்தால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாள். அதிலும் வெள்ளிக்கிழமை. தெருத் தெருவாகக் கேட்டும் வெறும் முறத்தோடுதான் திரும்பினாள்.

எனக்குக் கோபம் வந்தது, ஊரையே திட்டினேன். “அவங்களக் குத்தஞ்சொல்லக் கூடாது தம்பி. நானா இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்” என்றாள்.

சனம் வர ஆரம்பித்துவிட்டது. மேட்டில் பெரியதனக்காரரின் வெள்ளைத் துண்டு தெரிந்தது. நான் அக்காவைப் பார்க்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், உப்பு எங்கே இருக்கிறதென்று. நானாகக் கேட்கக்கூடாது என்று நினைத்தேன்.

அவளே அடுப்படிக்குப் போய்ப் பீங்கான் சாடியை எடுத்துவந்தாள். மடியில் வைத்து ஊரூராகக் கொண்டுவந்த சாடி. மூடியைத் திறந்தாள்.

“ஏம் பாவாயி, ஊட்டு உப்பையா கொட்டப் போறே?” என்று ராசம்மா குறுக்கே வந்தாள்.

“ஆட்டம் நடக்கலைன்னா எனக்கு ஊடே இல்லீங்க. அப்பறம் உப்பு எதுக்கு?”

ராசம்மா அவள் கையைப் பிடித்தாள். என்னிடம் திரும்பி, “தம்பி, உப்பேதான் வேணுமா? தண்ணியில கரையறது எதுவா இருந்தாலும் ஆகுமா?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. “போட்டுப் பாத்தாத்தான் தெரியுமுங்க” என்றேன்.

“எங்க பட்டறைல நூல் வேக வெக்கற சலவைச் சோடா கெடக்குது. அது எந்நேரமும் வெளிய போகும். அதுக்கு லச்சுமியுங் கெடையாது, மூதேவியுங் கெடையாது.” கூட வந்த பெண்ணைப் பட்டறைக்கு விரட்டினாள்.

சோடா வந்தது. ஒரு கை அள்ளித் தாழியில் போட்டுக் கழியால் கலக்கினேன். முள் துடித்து எழுந்தது. இரண்டு ஆம்பியர். இன்னொரு கை. ஐந்து. மச்சான் மீட்டர் பக்கத்தில் நின்று ஏலம் விடுகிறவர் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். பத்து, பதினாலு, பதினெட்டு. கடைசியில் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டேன்.

“இருவது. நிறுத்துங்க மாப்ளே” என்றார் மச்சான்.

எஞ்சின் உடம்பில் எழுதியிருந்த மூணேகால் இப்போது தாழியில் இருந்தது. அக்கா சாடியை மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்கப் போனாள்.

பல வருஷம் கழித்து ஒரு காலேஜ் வாத்தியார் சொன்னார், உப்பைப் போட்டிருந்தால் மூச்சை அடைக்கிற வாயு கிளம்பியிருக்குமாம். ஆலையில் அந்தத் தொட்டி திறந்த வெளியில், எல்லாரும் எட்ட நிற்க, கொஞ்ச நேரமே ஓடியது. அதனால் எங்களுக்குத் தெரியவில்லை. ஊர் உப்பு கொடுக்காததற்கு நான் அன்றைக்குப் பட்ட கோபத்தை அப்போது திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பெரியவர் வைத்த கை

படம் ஓடியது. பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதல் சிரிப்பு வந்தது. அவர்களுக்கு வசனம் கேட்டது.

தாழிக்கு இரும்புக்கு நேர்மாறான குணம். சூடேறினால் தடை குறைகிறது. முள் இருபதைத் தாண்டி இருபத்திரண்டுக்குப் போனது. மண்வெட்டிக் காம்பை விரற்கடை நகர்த்தினேன். இறங்கியது. திரும்ப ஏறியது. திரும்ப நகர்த்தினேன். ஆட்டம் முழுக்க ஒரு கண் படச்சுருளில், ஒரு கண் முள்ளில். கதை என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தாழியைச் சுற்றி அக்கா வேலிமுள் வெட்டிப் போட்டிருந்தாள், ஆள் கிட்டப் போகாதபடி. இடைவேளையில் பெரியதனக்காரர் அந்த முள்வேலி அருகே வந்து நின்றார்.

“சூடு எங்கீங்க?”

“தண்ணீலீங்க.”

“கொதிச்சுப் பொங்கிறாதா?”

அக்கா பதில் சொன்னாள்: “இத்தன தண்ணியை ஒத்தை அடுப்பு வெச்சுக் கொதிக்க வெக்கோணும்னா விடிஞ்சுருமுங்க. ஆட்டம் அதுக்குள்ள முடிஞ்சுரும்.” ஆயிரத்து முன்னூறு வாட்டை அதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

சுவிட்சை அணைத்துவிட்டு வேலியை விலக்கினேன். பெரியவர் உள்ளங்கையைத் தாழியின் வயிற்றில் வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

“குளிக்கறதுக்கு எதமா இருக்குது” என்றார். பிறகு மச்சானிடம், “மழைக்கு முந்திக் கீத்த மாத்திருங்க. ஒழுகுச்சுன்னா சனம் வராது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். காலையில் வண்டி கட்டச் சொன்ன ஆள், மழைக்காலத்துக் கூரையைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

ஆட்டம் முடிந்ததும் ராசம்மாவின் பெண்கள் குடங்களோடு வந்தார்கள். சுடுதண்ணீர், அதில் சோடா. நூல் வேகவைக்க வேறென்ன வேண்டும்? கறுப்புச் சாயத்துக்குப் போகிற நூலுக்கு அதிலிருந்த மண்வெட்டித் துரு ஒரு பொருட்டில்லை. அன்றிலிருந்து ஆட்டந்தோறும் அறுபத்தைந்து வோல்ட் அவள் பட்டறைக்குப் போனது. என் வயிற்றெரிச்சலும் அதோடு அடங்கியது.

மறுநாள் அக்கா அடுப்பைக் கல்லிலிருந்து எடுத்து, களிமண் குழைத்து நிரந்தரமாகப் போட்டாள். மதியம் இலை போட்டு எங்களை உட்காரவைத்துச் சாடியிலிருந்து தன் கையால் உப்பை அள்ளிப் போட்ட குழம்பை ஊற்றினாள். உப்பு கரித்தது. மச்சான் என்னைப் பார்த்தார், நான் மச்சானைப் பார்த்தேன். இரண்டு பேரும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.